தோட்டத்து மைதானத்தில் ஒருநாள் சந்தை: பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்க்க முழுமையான வழிகாட்டி

முன்பள்ளிக் கூரை ஒழுகும். சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கத்தின் கையிருப்பு தீர்ந்திருக்கும். இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனச் செலவுக்கு ஒரு நிதி வேண்டியிருக்கும். இப்படி ஏதாவது வந்தால் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் வழக்கமாக எடுக்கும் முடிவு, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் போடுவதுதான். ஒரு முறை கொடுப்பார்கள், இரண்டாம் முறை முணுமுணுப்பார்கள், மூன்றாம் முறை கதவு திறக்காது. ஒருநாள் சந்தை அப்படியில்லை. கொடுப்பவர் கையில் ஒரு வடையோ ஒரு கோவா (முட்டைக்கோஸ்) நாற்றோ மிஞ்சும், பிள்ளைகளுக்கு ஒரு நாள் விளையாட்டு கிடைக்கும்.

ஆனால் நன்றாக நடந்த சந்தைகள்கூடப் பணம் சேர்க்காமல் போவதுண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். லயத்துப் பெண்கள் (லயம் என்பது தொழிலாளரின் வரிசை வீடு) தங்கள் பருப்பையும் எண்ணெயையும் போட்டு வடை சுடுகிறார்கள், பக்கத்து லயத்துக்காரர் தன் சம்பளக் காசில் அதை வாங்குகிறார். தோட்டத்துப் பணம் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. இந்த வழிகாட்டியில் இடம், கடை, விளையாட்டு, ஏலம் என்று எதைச் சொன்னாலும் வெளிப்பணத்தை உள்ளே வரவைப்பது எப்படி, வந்த பணத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டுவது எப்படி என்ற இரண்டு கேள்விகளும் கூடவே வரும்.

கணக்குகள் எல்லாம் ஏறத்தாழ 600 பேர் வரும் சந்தைக்குச் சொல்லப்பட்டவை. இரண்டு மூன்று டிவிஷன் சேர்ந்த ஒரு தோட்டத்துக்கு இது சரியாக வரும்.

முதலில் நோக்கத்தை எழுதுங்கள்

"தோட்ட அபிவிருத்திக்காக" என்று நோட்டீஸ் அடித்தால் யாரும் பையைத் திறக்க மாட்டார்கள். "முன்பள்ளிக்கு 22 தகரம், 40 சின்னக் கதிரை, ஒரு தண்ணீர்த் தாங்கி" என்று எழுதுங்கள். டவுனில் இரண்டு கடைகளில் விலை எழுதி வாங்கி அந்தத் தொகையையும் போடுங்கள். தொகை கூடினால் மிச்சம் எதற்கு, குறைந்தால் எதை முதலில் வாங்குவது என்ற இரண்டையும் அன்றைக்கே கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். சந்தை முடிந்தபின் இதைப் பேச உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும்.

குழுவுக்கு 11 பேர் போதும். ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். எல்லாத் தொழிற்சங்கத்துத் தலைவர்மாரும், கோயில் கமிட்டியும், தேவாலயம் இருந்தால் அவர்களும், மாதர் சங்கமும், இளைஞர் மன்றமும், பாடசாலை ஆசிரியர் ஒருவரும் உள்ளே வரட்டும். ஒரு சங்கத்தின் கொடி மட்டும் பறந்தால் மற்றச் சங்கத்து ஆட்கள் வர மாட்டார்கள். ஆகவே மைதானத்தில் எந்தச் சங்கத்தின் பேனரும் வேண்டாம், பிரதம அதிதியும் வேண்டாம். அதிதி வந்தால் பொன்னாடை, மாலை, பேச்சு என்று ஒன்றரை மணி நேரம் போகும். மைக் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்தக் கடையிலும் வியாபாரம் நடக்காது.

பொருளாளரைத் தெரிவு செய்யும்போது நல்லவரா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதுகிற பழக்கம் உள்ளவரா என்று பாருங்கள்.

நாள் குறித்தல்

மலையகத்துக்கு ஒரே காலநிலை என்று நினைத்து நாள் வைப்பவர்கள் ஏமாறுவார்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அங்கே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நம்பக்கூடிய காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வடகீழ்ப் பருவ மழை வந்து போனபின், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெயில் இருக்கும். ஆனால் அப்போது காற்று கடுமையாக அடிக்கும், சரியாகக் கட்டாத தறப்பாள் பறந்துவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இரு பக்கமும் காலை பளிச்சென்று இருந்துவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இடியோடு மழை கொட்டும். அந்த மாதங்களில் வைப்பதென்றால் காலை 8.30க்குத் தொடங்கி, ஏலத்தை 12.30க்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்தது சம்பள நாள். பத்தாம் திகதிச் சம்பளம் என்றால் அதை அடுத்து வரும் ஞாயிறு நல்லது. அதற்கடுத்த ஞாயிற்றுக்குள் கடைக் கடனுக்கும் சீட்டுக்கும் காசு போயிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், கூட்டம் இருக்கும். ஆனால் பண்டிகைக்கு முன்பே எல்லார் கையும் காலியாகியிருக்கும். அந்தப் பிள்ளைகளின் பணம் வேண்டுமானால் தைப்பொங்கலை ஒட்டிய ஞாயிறு இதைவிட மேல், அதுவும் மழை விட்டுவைத்தால்தான். பௌர்ணமி நாளைத் தவிருங்கள், போயா அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், பௌத்த அயலவர்களும் விகாரைக்குப் போவார்கள். பரீட்சைக் கால அட்டவணையையும் பாருங்கள், பரீட்சை நடக்கும் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி போட முடியாது.

அனுமதிகள்

மைதானம் தோட்டத்துக்குள் இருந்தால் முதல் கடிதம் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு. மைதானம், தண்ணீர், மின்சாரம், அவசரத்துக்கு ஒரு வாகனம் என்று கேட்பதை எல்லாம் ஒரே கடிதத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கையில் இருந்தால் மற்ற இடங்களில் வேலை சுலபம்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும். பகல் சந்தைக்கு அது தடையில்லை, முதல்நாள் இரவு பாட்டுப் போட்டுக்கொண்டு கொட்டகை கட்டும் இளைஞர்களுக்குத்தான் இதைச் சொல்லிவைக்க வேண்டும். பிரதேச சபையிடம் குப்பை உழவு இயந்திரத்துக்கும் கடைகளுக்கும் சேர்த்து எழுதுங்கள். நுழைவுச் சீட்டு விற்பதென்றால் கேளிக்கை வரி பற்றி அச்சடிக்க முன்னரே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை, நுழைவுக் கட்டணமே வைக்காதீர்கள். வாசலில் 50 ரூபா கொடுத்தவர் உள்ளே 50 ரூபா குறைத்துத்தான் செலவழிப்பார்.

அதிர்ஷ்ட லாபச் சீட்டிழுப்பு எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. லொத்தர் நடத்த இலங்கையில் தனிச் சட்டம் உண்டு. பிரதேச செயலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வரும்வரை ஒரு டிக்கெட்டும் அச்சடிக்க வேண்டாம். தாயக்கட்டை, சீட்டு, காசு வைத்து ஆடும் சக்கரம் போன்றவற்றைத் தொடவே வேண்டாம், அது சூதாட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதாவது பி.எச்.ஐ ஐயாவை, இரண்டு வாரத்துக்கு முன் அழைத்துச் சமைக்கும் இடத்தைக் காட்டுங்கள். அன்றைக்குத் திடீரென்று வந்து கடையை மூடச் சொல்வதைவிட இது நல்லது.

இடம்: சரிவு, தண்ணீர், குளவி

மேலே செங்குத்தான மண் மேடு உள்ள மைதானத்தை விடுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியில் மண்சரிவு எச்சரிக்கை விடும். உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு எச்சரிக்கை வந்தால் சந்தை தள்ளிப்போகும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

கடைக்கு 8 அடிக்கு 8 அடி போதும், சமைக்கும் கடைக்கு மட்டும் 8 அடிக்கு 12 அடி. மூங்கில் நட்டு, முன்பக்கம் 7 அடி, பின்பக்கம் 5½ அடி உயரத்தில் தறப்பாள் கட்டினால் மழை பின்னால் வழியும். தட்டையாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போடும், அரை மணி மழையில் மூங்கிலோடு சேர்ந்து வாடிக்கையாளர் தலையில் இறங்கும். மேட்டுப் பக்கமாக அரை அடி ஆழத்தில் ஒரு கான் வெட்டி மலைத் தண்ணீரைத் திருப்புங்கள். வாசலிலும் தேநீர்க் கடை முன்னாலும் மரத்தூள் போடுங்கள், ஆறு மூட்டை வேண்டும். அங்கேதான் சேறு முதலில் மிதிபடும்.

கடைகளை மைதானத்தைச் சுற்றி வட்டமாக வைத்து நடுவில் விளையாட்டை நடத்துங்கள். வரிசையாக வைத்தால் கடைசி மூன்று கடைக்கு ஆள் போகாது. தேநீர்க் கடை வாசலுக்கு எதிர்ப்புறத்தில், உள்ளே தள்ளி இருக்கட்டும். குளிரில் எல்லாரும் தேநீரைத் தேடித்தான் போவார்கள், போகிற வழியில் மற்றக் கடைகளைப் பார்ப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் சுற்றியுள்ள மரங்களையும் பாறை இடுக்குகளையும் குளவிக் கூடு இருக்கிறதா என்று பகலில் ஆள் விட்டுப் பாருங்கள். கொழுந்து மலையில் அமைதியாக வேலை செய்யும்போதே கொட்டும் குளவி, தப்பு மேளம் அடித்து, பட்டாசு வெடித்து, அடுப்புப் புகையும் போனால் சும்மா இருக்குமா? கூடு இருந்தால் வேறு இடம் பாருங்கள். சந்தைக்கு முந்தின வாரம் கூட்டைக் கொளுத்த ஆள் தேடுவது அதைவிட ஆபத்து. எப்படியானாலும் பட்டாசு வேண்டாம்.

600 பேருக்கு ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு நான்கு கழிப்பறை, 1,000 லீற்றர் தாங்கி இரண்டு. தாங்கிகளை முதல்நாள் மாலையே நிரப்பிவிடுங்கள். தோட்டத்துப் பீலித் தண்ணீர் காலையில் எல்லா லயத்துக்கும் போகும் நேரத்தில் மைதானத்துக்கு ஏறாது.

மின்சாரத்தை லயத்து வீட்டிலிருந்து இழுக்காதீர்கள். 5 கிலோ வோல்ட் அம்பியர் ஜெனரேட்டர் ஒன்று ஒலிபெருக்கிக்கும் 20 எல்.ஈ.டி. பல்புக்கும் ஐஸ்கிறீம் பெட்டிக்கும் தாராளமாகப் போதும். ஒரு மின்கேத்தல் மட்டும் 2,000 வொட் இழுக்கும். அதையும் சேர்த்துப் போட்டால் ஜெனரேட்டர் திணறி ஒலிபெருக்கி நின்றுபோகலாம், ஆகவே தண்ணீர் எல்லாம் விறகிலும் காஸிலும். வயரை ஈரப் புல்லில் போடாமல் தலைக்கு மேலே கட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரும் வெளியே போகக் கூடாது.

உணவுக் கடைகள்

லாபத்தில் முக்கால்வாசி இங்கேதான், நட்டத்திலும் அப்படியே. ஒரு விதி: பொருட்செலவு விற்பனை விலையில் 40 வீதத்தைத் தாண்டினால் அந்தப் பண்டத்தைச் செய்யாதீர்கள். கொத்து ரொட்டி கூட்டத்தைக் கூட்டும், ஆனால் முட்டைக்கும் இறைச்சிக்கும் போக மிஞ்சுவது குறைவு. வெளியிலிருந்து ஒரு கொத்துக் கடைக்காரரை அழைத்து இட வாடகை வாங்குவது புத்திசாலித்தனம்.

தேநீரும் வடையும்தான் அடித்தளம். அளவுகள் இவை:

பிளேன்டீ 100 கப்புக்கு: தூள் 250 கிராம், சீனி 1½ கிலோ, தண்ணீர் 15 லீற்றர், தட்டிய இஞ்சி 200 கிராம். 600 பேர் வந்தால் குளிர் நாளில் 900 கப் போகும்.

பால் தேநீர்: கப்புக்கு 15 கிராம் பால்மா. 400 கிராம் பக்கெட்டில் 26 கப்.

உளுந்து வடை: 1 கிலோ உளுந்துக்கு 55 முதல் 60 வடை. எண்ணெய் கிலோவுக்கு 300 மில்லிலீற்றர் உறிஞ்சும், தாச்சியில் எப்போதும் நிற்க வேண்டிய 2 லீற்றர் தனி.

பருப்பு வடை: 1 கிலோ கடலைப் பருப்பு, வெங்காயம் 300 கிராம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம். 65 வடை வரும்.

தேங்காய் ரொட்டி: 1 கிலோ கோதுமை மா, ஒரு தேங்காய், உப்பு, 400 மில்லிலீற்றர் தண்ணீர். 20 ரொட்டி. கட்டச் சம்பல் தனி.

கடலைச் சுண்டல்: 1 கிலோ கொண்டைக்கடலை வெந்தால் 2 கிலோவுக்குமேல் வரும், 100 கிராம் பொட்டலம் 20.

மலைக்கு ஏற்ற சில எச்சரிக்கைகள் சமதரைக்காரரின் சமையல் குறிப்பில் இருக்காது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்பதற்காகக் கடலை வேகிறது என்று அர்த்தமில்லை. 12 மணி நேரம் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் போடுங்கள். திறந்த அண்டாவில் வேகவைக்கத் தொடங்கினால் 10 மணிக்குத் திறக்க வேண்டிய கடை 12 மணிக்குத் திறக்கும். இட்லி, தோசை மா குளிரில் புளிக்காது. அடுப்படியில் சாக்குப் போட்டு மூடிவைத்தாலும் நம்பிக்கையில்லை, ஆகவே தோசைக் கடை போடுவதென்றால் மாவை இரண்டு இரவு முன்பே அரைத்து ஒரு கிலோவில் சோதித்துப் பாருங்கள். உளுந்து வடை மாவில் உப்பைச் சுடுகிற நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். அரைத்தபோதே உப்புப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நீர்த்துவிடும், நீர்த்த மா எண்ணெயைக் குடிக்கும், வடை கனத்துப்போகும், எண்ணெய்க் கணக்கும் உதைக்கும். மா அரைப்பதை 6 கிலோ, 5 கிலோ என்று இரண்டு தவணையாகப் பிரியுங்கள். மழை வந்தால் இரண்டாம் தவணை உளுந்தை அரைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அடுப்புக்குக் கவாத்து மிலாறு (வெட்டிக் கழித்த தேயிலைக் கொப்பு) கிடைக்கும் மாதமானால் விறகுச் செலவு மிச்சம், ஆனால் ஒரு மாதம் காய வேண்டும். ஈர மிலாறு புகையும், குளவி ஞாபகமிருக்கட்டும். வடைக் கடைக்கு மட்டும் காஸ் வையுங்கள், எண்ணெயின் சூடு ஒரே சீராக நிற்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று நாள் முழுதும் தாங்கும்.

பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. வாழையிலை மேல்மலையில் கிடைக்காது, கீழ்ப் பகுதியிலிருந்து முதல்நாள் கொண்டுவரச் சொல்லுங்கள். தேநீருக்கு வீடுகளிலிருந்து சில்வர் டம்ளர் 150 சேர்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் நெயில் பொலிஷால் வீட்டு எண் எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சந்தை முடிந்து ஒரு மாதத்துக்கு டம்ளர்ச் சண்டைதான். டம்ளர் கழுவ இரண்டு பேர் தனியாக வேண்டும், மூன்று வாளித் தண்ணீர்: சவர்க்காரம், அலசல், கொதிநீர்.

சம்பளத்தை வைத்து விலை போடுங்கள். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்குப் பிறகு ஏறியதையும் சேர்த்துப் பார்த்தாலும், நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு நாள் சம்பளத்துக்குமேல் சந்தையில் செலவழிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். எல்லா விலையும் 50 ரூபாவின் மடங்கில் இருக்கட்டும். ஏன் என்பது கூப்பன் பகுதியில் வரும்.

மற்றக் கடைகள்

மரக்கறியும் நாற்றும்தான் இங்கே எங்களுக்குப் பிடித்த கடை, ஏனென்றால் வெளியாட்கள் இதற்காகவே வருவார்கள். லயத்துத் தோட்டத்தில் விளைந்த கரட், லீக்ஸ், போஞ்சி, நோக்கோல், கீரை ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் இரண்டு கிலோ கொடுத்தால் போதும். காலையில் பறித்து, கழுவாமல், இலையோடு கட்டி வையுங்கள். லீக்ஸ் நாற்று நடும் அளவுக்கு வர எட்டு வாரம் ஆகும், கோவாவுக்கு ஐந்து வாரம். ஆகவே சந்தை நிச்சயமான அன்றே விதை போட வேண்டும். ரோஜாக் கொப்பு, அந்தூரியம், டேலியாக் கிழங்கு ஆகியவற்றுக்கு டவுன் ஆட்களும் ஆசிரியர்மாரும் பேரம் பேசாமல் காசு கொடுப்பார்கள்.

பழைய உடுப்புக் கடைக்குக் கொழும்பில் இருக்கும் பிள்ளைகளிடம் ஸ்வெட்டர், மழைக் கோட், பாடசாலைப் பை கேளுங்கள். துவைத்து, அயர்ன் போட்டு, கயிற்றில் தொங்கவிட்டால் 200 ரூபாவுக்குப் போகும் ஸ்வெட்டர், சாக்கில் குவித்தால் 50க்கும் போகாது. தேயிலைத் தூள் விற்பதென்றால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத தூள் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், அது களவுத் தூளாக இருக்கலாம்.

விளையாட்டுகள்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகள் எல்லாருக்கும் தெரிந்தவை: முட்டி உடைத்தல், தலையணைச் சமர், யானைக்குக் கண் வைத்தல், சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், பணிஸ் சாப்பிடுதல். பிள்ளைகளின் ஓட்டங்கள் இலவசம். காசு வாங்குவது மற்றவற்றுக்கு.

வளையம் எறிதலில் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 50 ரூபாவுக்கு மூன்று வளையம். பத்து எறிக்கு ஒன்று விழும்படி தூரத்தை வைத்தால், ஒரு பரிசு போவதற்குள் ஏறத்தாழ 165 ரூபா வந்திருக்கும். அப்போது பரிசு 80 ரூபாவுக்குள் இருந்தால் பாதி மிஞ்சும். முதல்நாள் இளைஞர்கள் இருவரை 50 முறை எறியவிட்டு எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குமேல் விழுந்தால் கோட்டை ஒரு அடி பின்னே தள்ளுங்கள். ஒன்றுமே விழாவிட்டாலும் ஆபத்து, பதினைந்து நிமிடத்தில் "இது ஏமாத்து" என்று செய்தி பரவிவிடும்.

பூசணிக்காயின் நிறையைச் சொல்லுதல், பப்பாளியில் விதை எத்தனை என்று சொல்லுதல் இரண்டுக்கும் செலவே இல்லை. பெயரையும் எண்ணையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள். பப்பாளி சின்னதாக இருக்கட்டும், பெரிய பழத்தின் விதையை எண்ணி முடிக்கச் சந்தையே முடிந்துவிடும்.

கயிறு இழுத்தலுக்கு அணிக்கு எட்டுப் பேர், தடித்த தும்புக் கயிறு 100 அடி. நைலோன் கயிறு கையை எரிக்கும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்க யாரையும் விடாதீர்கள், எதிரணி இழுக்கும்போது விரல் முறியும். டிவிஷனுக்கு டிவிஷன் மோதவிட்டால் பார்க்கக் கூட்டம் சேரும். ஆனால் பரிசு கோழியோ கேக்கோ இருக்கட்டும், காசுப் பரிசு சண்டையை இழுக்கும். வழுக்கு மரத்துக்குக் கமுகு மேலே கிடைக்காது, நேரான யூகலிப்டஸ் 20 அடியில் எடுத்து 4 அடியைப் புதையுங்கள். அடியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்கு வைக்கோலோ மரத்தூளோ போடாமல் ஒருவரையும் ஏறவிட வேண்டாம்.

வெளியாட்களைக் கூட்டிவருவதற்குக் கொழுந்து பறிக்கும் போட்டியைப் போல வேறொன்றில்லை. மைதானத்துக்குப் பக்கத்து மலையில், பறிப்புச் சுற்று வந்திருக்கும் ஒரு துண்டைத் துரையிடம் கேளுங்கள். 15 நிமிடம். இரண்டு இலையும் மொட்டும் மட்டும் கணக்கு, முத்தல் இலையைத் தெரிந்து கழித்தபின் நிறுக்க வேண்டும். கங்காணி ஒருவரும் ஓய்வுபெற்ற பெண் தொழிலாளி ஒருவரும் நடுவர். இரண்டு சுற்று வையுங்கள். முதலாவது தொழிலாளிகளுக்கு, நுழைவு இலவசம், பரிசு நல்லதாக இருக்க வேண்டும். இரண்டாவது டவுன்காரர், ஆசிரியர், உத்தியோகத்தர், சுற்றுலா வந்தவர்களுக்கு, ஆளுக்கு 500 ரூபா. கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு 15 நிமிடத்தில் அரைக் கிலோவும் தேறாமல் இறங்கிவரும் வங்கி உத்தியோகத்தரைப் பார்க்கவே தோட்டம் முழுக்க வந்து நிற்கும். பறித்த கொழுந்து தோட்டத்துக்கே போக வேண்டும், நிறையைத் துரையின் ஆளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

ஏலம்

திருவிழாவில் வாழைக்குலையையும் தேங்காயையும் ஏலம் விட்டுப் பழகிய ஊருக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. தவறுவது மூன்று இடத்தில்.

ஒன்று, பொருள். 25 பொருளுக்குமேல் வேண்டாம், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். வீட்டுப் பொருள்களைவிட, டவுன் கடைக்காரர் கொடுக்கும் பொருள்களும் வேலைகளும் நல்ல விலை போகும்: மேசன் ஒருவரின் ஒரு நாள் வேலை, கொழும்புக்கு ஒரு லொறி லோடு, பேக்கரிக்காரர் செய்த பெரிய கேக். கடைக்காரரிடம் காசு கேட்டால் 500 ரூபா கொடுத்து அனுப்பிவிடுவார். பொருள் கேட்டால் 3,000 ரூபா பொருள் கொடுப்பார், அதைப் பார்க்கத் தானும் வருவார், வந்தால் இன்னொன்றை ஏலம் எடுப்பார்.

இரண்டு, வரிசை. மிகச் சிறந்த பொருளைக் கடைசிக்கு வைக்காதீர்கள், வானம் கறுத்தால் ஆள் கலையும். எட்டாவது பத்தாவதாக விடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதென்றால் அவருக்காக ஒரு உறவினர் மைதானத்தில் நின்று வாயால் கேட்க வேண்டும். போனில் வந்த விலையை ஏலம் விடுபவரே சொன்னால் ஏற்றிவிடுகிறார் என்று பேச்சு வரும்.

மூன்று, கடன். "சம்பளத்துல தாறேன்" என்று சொல்லிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போனவரின் காசு வருவது அபூர்வம், கேட்டால் பகை. "மூணு தரம்" சொன்னவுடன் பாதிக் காசாவது கையில் வர வேண்டும். மீதிக்கு அடுத்த சம்பள நாள், அதுவரை பொருள் குழுவிடம். இதை ஏலம் தொடங்கும் முன் மைக்கில் மூன்று முறை சொல்லுங்கள்.

கூப்பனும் கணக்கும்

கடைகளில் காசு கை மாறவே கூடாது. இரண்டு கவுண்டரில் கூப்பன் விற்று, கடைகள் கூப்பனை மட்டும் வாங்கினால், காசு இருக்கும் இடம் இரண்டே. 50 ரூபாவுக்கு ஒரு நிறம், 100க்கு ஒரு நிறம், வேறு வேண்டாம். விலைகள் 50இன் மடங்கில் இருப்பதால் கடையில் சில்லறைத் தொல்லையும் இல்லை. ஒவ்வொன்றிலும் தொடர் எண் போட்டு ரப்பர் முத்திரை குத்துங்கள். அன்றைக்குக் கவுண்டரில் விற்கும் கூப்பனின் காகித நிறத்தை முந்தின நாள்வரை வெளியே சொல்லாதீர்கள், போட்டோக் கொப்பிக் கடை எல்லா டவுனிலும் இருக்கிறது. கவுண்டருக்குச் சில்லறையாக 100 ரூபாத் தாளில் 10,000, 50 ரூபாத் தாளில் 5,000 வேண்டும். இதை வெள்ளிக்கிழமையே வங்கியில் மாற்றுங்கள், ஞாயிறு காலையில் தேநீர்க் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டாம்.

500 ரூபாக் கூப்பன் புத்தகங்களை ஒரு மாதம் முன்பே கொழும்பில் வேலை செய்பவர்களுக்கும் டவுன் கடைக்காரர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்கத் தொடங்குங்கள். வர முடியாதவர் தன் அம்மாவுக்கு அனுப்புவார். வெளிப்பணத்துக்கு இதைவிட நேரான வழியில்லை. இலக்கு, மொத்த வரவில் பாதியாவது தோட்டத்துக்கு வெளியிலிருந்து வருவது. கூப்பன் புத்தகத்தின் அடிக்கட்டையில் வாங்கியவர் ஊரை எழுதினால் இந்தக் கணக்கு தானாக வரும்.

கவுண்டரில் இருவர் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவர் காசு வாங்குவார், மற்றவர் கூப்பன் கிழிப்பார். அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. மணிக்கு ஒரு முறை பொருளாளரும் வேறு டிவிஷன் ஆள் ஒருவரும் வந்து எண்ணி, கடைசியாகக் கிழிந்த தொடர் எண்ணையும் தொகையையும் கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு எடுத்துப் போகட்டும். கடைகள் மாலையில் கூப்பனை 20, 20ஆகக் கட்டிக் கொடுக்கும். விற்ற கூப்பனைவிடக் கடைகளுக்கு வந்தது கூடினால் கள்ளக் கூப்பன். குறைந்தால் கவலையில்லை, வாங்கியவர் செலவழிக்காமல் போயிருக்கிறார்.

செலவுக்குப் பில் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் பொருள், அளவு, தொகை, கொடுத்தவர், வாங்கியவர் எழுதி ஒப்பம் வாங்குங்கள். இலவசமாக வந்த பொருளுக்கும் மதிப்புப் போட்டு எழுதுங்கள், கொடுத்தவர் தன் பெயரைத் தேடுவார்.

அந்த நாள்

காலை 5.30க்கு அடுப்பு. 6 மணிக்கு வானத்தைப் பார்த்து இறுதி முடிவு. மழையானால் பாடசாலை மண்டபமா, அடுத்த ஞாயிறா என்பதை அப்போதே மைக்கில் சொல்லுங்கள். 8 மணிக்குக் கடைகள் தயார், 8.30க்கு விளக்கேற்றி, பேச்சு இரண்டு நிமிடம். 10 மணிக்குக் கொழுந்துப் போட்டி, 11.30க்குக் கயிறு இழுத்தல், 12.30க்கு ஏலம் (பிற்பகல் இடிமழை மாதமென்றால் அதற்குள் ஏலம் முடிந்திருக்க வேண்டும்), 3 மணிக்குக் கடைகள் மூடல். இருட்டும்வரை இழுக்காதீர்கள். மதுபானம் விற்காவிட்டாலும் பின்னேரமாகக் கசிப்பு எங்கிருந்தோ வரும், அடிதடி பெரும்பாலும் நான்கு மணிக்குப் பிறகுதான். வாசலில் மாதர் சங்கத்து அம்மாமார் இருவரை நிறுத்துங்கள். தள்ளாடி வரும் மருமகன்மார் அவர்களைத் தாண்டி வர மாட்டார்கள்.

தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து ஒருவர், முதலுதவிப் பெட்டி, எண்ணெய் சுட்டால் ஊற்றக் குளிர்ந்த தண்ணீர் வாளி, வடைக் கடைக்குப் பக்கத்தில் மணல் வாளி இரண்டு. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாதென்று சுடுபவர் எல்லாரிடமும் சொல்லுங்கள், மூடியைப் போட்டு காஸை அடைக்க வேண்டும். அம்புலன்ஸ் எண் 1990. தொலைபேசி அலை பிடிக்கும் இடம் மைதானத்தில் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், பல தோட்டங்களில் கோயில் மேட்டில் மட்டும்தான் பிடிக்கும். வாகனம் வந்து திரும்ப ஒரு பக்கப் பாதையைக் கயிறு கட்டிக் காலியாக வையுங்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் லயத்து எண்ணையும் அப்பா அம்மா பெயரையும் பேனையால் எழுதிவிடுங்கள்.

3 மணிக்குமேல் பத்து இளைஞர்கள் குப்பை. இலையும் மிச்ச உணவும் உரக் குழிக்கு, மீதி பிரதேச சபை உழவு இயந்திரத்துக்கு. மைதானத்தை வாங்கியதைவிடச் சுத்தமாகக் கொடுத்தால் அடுத்த வருடக் கடிதத்துக்குத் துரையின் பதில் விரைவாக வரும்.

காசை எண்ணுவது மூடிய அறையில் வேண்டாம். பிள்ளை மடுவத்தின் (பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) முன்னால் மேசை போட்டு, பார்க்க விரும்புபவர் பார்க்கட்டும். மொத்தத்தை இரண்டு முறை எண்ணி, பையில் போட்டு, வாயைத் தைத்து, மூன்று பேர் ஒப்பமிட்ட தாளை ஒட்டி, தோட்ட ஒப்பிஸ் பெட்டகத்தில் வையுங்கள். திங்கள் காலை வங்கி. கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு ஒப்பம் இருந்தால்தான் எடுக்கலாம் என்று இருக்க வேண்டும்.

ஞாயிறு மாலை 6 மணிக்குள் ஒரு பெரிய தாளில் கடைவாரியாக வரவை மட்டும் எழுதி, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒட்டிவிடுங்கள். செலவு சேர்ந்த முழுக் கணக்கு ஏழு நாளில். தகரமும் கதிரையும் வாங்கிய பில்லின் பிரதி அதற்குக் கீழே ஒட்டப்படும்வரை அந்தத் தாளை யாரும் கிழிக்க வேண்டாம். மழைக்கு நனையாமல் மேலே ஒரு கண்ணாடித் தாள் போடுங்கள்.